தொண்டையில் ஒன்றுமில்லை

என் வாயைப் பற்றி ஊரில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த வாயை நம்பித்தான் பட்டினச்சேரி விசைப்படகுகள் காரைக்கால் துறைமுகத்தில் மீனை இறக்குகின்றன. நான் ஏலம் கூறுகிறவள். பெயர் பவுனம்மாள். எங்கள் ஊர்ப் படகுகள் கொண்டுவரும் மீனைக் கூறு கூறாகக் கொட்டி, வியாபாரிகளைச் சுற்றி நிற்கவைத்து, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று விலையை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. விலை தானாக ஏறாது. கஞ்சனை நாலு பேர் முன்னால் கேலி செய்ய வேண்டும். ஒதுங்கி நிற்கிறவளுக்கு ரோஷமூட்டி முன்னால் இழுக்க வேண்டும். மரியாதையாகப் பேசி மீனை விற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்த வாய்க்கு அன்றாடம் கிடைக்கும் இரை என் நாத்தனார் அல்லி. என் வீட்டுக்காரர் சொக்கநாதனின் தங்கை. துறைமுகத்தில் மீன் எடுத்து, ஸ்கூட்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு நெரவிப் பக்கத்துக் கிராமங்களில் விற்கிறாள். சங்கரா மீன் கூறுக்கு வாய் கூசாமல் பாதி விலை கேட்பாள். நான் அவளுடைய பரம்பரையையே சந்திக்கு இழுப்பேன். அந்தப் பரம்பரையில்தான் நானும் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்பதை அவள் ஊருக்கே கேட்கும்படி நினைவுபடுத்துவாள். கூட்டம் சிரிக்கும். சிரிக்கிற கூட்டம் கையை இறுக்கிப் பிடிக்காது, விலை ஏறும். மத்தியானம் நாங்கள் இருவரும் ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிடுவோம்.

போன தை மாதத்தில் இது நின்றுபோனது.

ஏன் நின்றது என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பொங்கல் நல்லபடியாகத்தான் போனது. மகள் பாரதிப்ரியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், சௌக்கியமாக இருக்கிறாள். மகன் ஆனந்தராஜ் படகில் போகிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஒருநாள் காலையில் கண் விழித்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மறுநாளும் வரவில்லை. எழுந்தேன், போனேன், வந்தேன். பல் துலக்குவதுகூட யாரோ ஏவிவிட்ட வேலை மாதிரி இருந்தது. விடிவதற்கு வெகு முன்னால் விழிப்பு வந்துவிடும், உடம்பு மட்டும் பாயோடு ஒட்டிக் கிடக்கும். டிவியில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக் கண்ணீர் வந்தது. சோப்பு விளம்பரம்! அதில் யாரும் சாகக்கூட இல்லை.

ஏலத்தில் என்ன நடந்ததென்றால், யாராவது ஒரு விலை சொன்னதும் நான் ஒரு தரம் இரண்டு தரம் மூன்று தரம் என்று மூச்சு விடாமல் சொல்லிக் கூறை முடித்துவிடுவேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. அல்லி கேட்ட பாதி விலைக்கே சங்கராவைத் தூக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் அவளுக்கு வாயெல்லாம் பல். மூன்றாவது நாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என்னா அண்ணி, இன்னிக்கும் என்னை ஒண்ணும் சொல்லல?"

"என்னா சொல்லணும்?"

"நான் கேட்ட வெலைக்கு நீ செருப்பத் தூக்கியிருக்கணும்."

"மீனை எடுத்துட்டுப் போடி," என்றேன். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரருக்கு முதல் வாரம் சொர்க்கம். அதிர்ந்து பேசாத மனுஷர். இத்தனை வருஷமாக என் சத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவருக்கு முதல்முறையாக ரேடியோ கேட்டது. இரண்டாவது வாரம் ரேடியோவை அணைத்துவிட்டு, "ஒடம்புக்கு என்னா பண்ணுது?" என்றார். மூன்றாவது வாரம் பனங்கற்கண்டு வாங்கி வந்தார்.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நோவு உண்டு. வலை இழுக்கிறவனுக்கு இடுப்பு. கருவாடு போடுகிறவளுக்கு விரல். ஏலம் கூறுகிறவளுக்குத் தொண்டை. எனக்கு முன்னால் ஏலம் கூறிய இரண்டு பேருக்கும் தொண்டைதான் போனது. அதனால் என் நோவு எது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மிளகுப் பால் வந்தது. ஆடாதொடைக் கஷாயம் வந்தது. எதிர்வீட்டில் இருந்து சுக்கு வந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது. தொண்டை என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. மனசு சரியில்லை என்று சொன்னால் உடனே ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு என்னிடம் எதுவும் இல்லை. அதை நினைத்தால்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு மீன் வாங்க வருகிறாள், ஒரு குறையும் இல்லாத எனக்கு என்ன கேடு?

படகுக்காரர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். கடலில் மூன்று நாலு நாள் கிடந்து கொண்டுவந்த மீனை நான் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் அவர்கள் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? படகு முதலாளிகளில் திருஞானசம்பந்தம் கொஞ்சம் கறார். ஊர் பஞ்சாயத்திலும் அவர் பேச்சு எடுபடும். ஆனால் கெட்டவர் இல்லை. அவரே காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய், கையில் பிடித்துப் பேசுகிற ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வந்து எல்லோர் முன்னாலும் என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, இனிமே நீங்க தொண்டைய நோவடிக்க வேணாம். மெதுவாப் பேசுங்க, அது கத்திக்கும்."

சிவப்பு வாயும் வெள்ளைக் கைப்பிடியுமாக நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் போலீஸ் சைரன் ஊளையிடும். முதல் நாளே அழுத்திவிட்டேன். துறைமுகத்துக் காக்கை மொத்தமும் பறந்தது, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே போட்டான். பழைய பவுனம்மாளாக இருந்தால் அந்தச் சைரனை வைத்தே ஒரு மாதத்துக்குச் சிரிப்பு மூட்டியிருப்பாள்.

ஒலிபெருக்கியில் ஒரு சங்கடம். உள்ளே என்ன போகிறதோ அதைத்தான் அது பெரிதாக்கும். "ஒரு தரம்" என்று நான் சொன்னேன். என் சோர்வு துறைமுகத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை கேட்டது. துக்க வீட்டில் பிணம் எடுக்கும் நேரத்தை அறிவிப்பதுபோல இருந்தது. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் விலையும் ஏற்றவில்லை. நான் இப்படியா இருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே அல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுப் பையன். ஒரு குழாயை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பார்த்தார்.

"தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கு."

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த கயிறு அறுந்ததுபோல இருந்தது. அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே, தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்னால் பிடித்தது எல்லாம் இப்போதும் பிடிக்கிறதா என்று கேட்டார். ஊம் கொட்டினேன். "கீழ எட்டாம் நம்பர் ரூம்ல கீர்த்திகான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களப் பாத்துட்டுப் போங்க. ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. தைராய்டு, ரத்த சோகை இருந்தாலும் இப்படி அசதி வரும்," என்றார்.

ரத்தம் கொடுத்தேன். எட்டாம் நம்பர் அறை வாசலில் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையைப் பார்த்ததும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது.

"அண்ணி, உள்ள போயித்தான் பாப்பமே."

"என்னைப் பாத்தா பைத்தியம் மாதிரி தெரியுதாடி ஒனக்கு?"

அல்லி ஸ்கூட்டியை எடுக்கப் போனாள். ஊருக்குள் வந்து, தொண்டையில் புண், ரொம்பப் பேசக் கூடாதாம் என்று நானே பரப்பினேன். பனங்கற்கண்டு இன்னும் இரண்டு பொட்டலம் வந்து சேர்ந்தது.

மாசி மகம் வந்தது. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் அன்றைக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். எங்கள் இனத்துப் பெண்ணைக் கட்டியவர், அதனால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. சாமி வரும்போது கும்பிட்டுக்கொண்டு சும்மா நிற்க மாட்டோம். "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கூப்பிடுவோம். வருஷத்தில் ஒருநாள் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிற உரிமைக் குரல் அது. அந்தக் கூட்டத்தில் என் சத்தம் தனியாகக் கேட்கும் என்று சொல்வார்கள். கடலைப் பார்த்து இறங்கும்போது பெருமாளே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று அல்லி கேலி செய்வாள்.

அன்றைக்கும் முன்வரிசையில் நின்றேன். சாமி வந்தார். இருபுறமும் ஜனம் கத்தியது. அல்லி கத்தினாள், என் மகன் கத்தினான், அதிர்ந்து பேசாத என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கிக் கத்தினார். நான் வாயைத் திறந்தேன். தொண்டையில் ஒன்றுமில்லை, டாக்டரே சொல்லிவிட்டார். சத்தம் வருவதற்குத் தடை இல்லை. ஆனால் எனக்குள்ளே சாமியும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. பல்லக்கு என்னைத் தாண்டிப் போனதை பஸ் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் என்னை நானே ஏமாற்ற முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து, நான் படுத்தே கிடந்ததால் என் வீட்டுக்காரர் மீன் குழம்பு வைத்தார். அதற்கு முன்பே அல்லி வந்து உப்புப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது தெரியாமல் இவர் மறுபடியும் போட்டிருக்கிறார், அதுவும் இவருடைய பெரிய கையால் அள்ளி. எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு ஆனந்தராஜுக்குப் போன் போட வெளியே போனார். திரும்பி வந்து ஒரு வாய் வைத்தவர், வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"கடல் தண்ணி கெட்டுது போ! நீ எப்புடி..." என்று உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். நான் முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அவர் எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். இந்த மனுஷர் கண் கலங்கி நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"பவுனு, தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னத அல்லி அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா. நீயா சொல்லுவன்னு இருந்தேன். இந்தக் கொழம்புக்கு நீ சட்டிய என் தலையில கவுத்துருக்கணும். எனக்கு பயமா இருக்கு. நாளைக்கு அந்த எட்டாம் நம்பர் ரூமுக்குப் போவோம்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது, சோப்பு விளம்பரத்துக்கு வந்த அழுகை இல்லை. இது என்னுடைய அழுகை.

கீர்த்திகா என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நெரவிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். பேரைக் கேட்டதும், "எங்கம்மாவுக்கு மீன் குடுக்குற அல்லியக்காவோட அண்ணியா நீங்க?" என்றாள். முடிந்தது கதை, சாயங்காலத்துக்குள் நெரவி முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"இங்க பேசுறது இந்தக் கதவத் தாண்டாதும்மா. எங்கம்மாவுக்கு மீன் வெலையே நான் சொல்ல மாட்டேன்."

வரிசையாகக் கேட்டாள். எத்தனை நாளாக, காலையிலா சாயங்காலமா, சாப்பாடு, தூக்கம், கோபம். கோபம் என்றதும், "அதுதாம்மா காணாமப் போச்சு," என்றேன். அவள் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினாள். பிறகு குரலைத் தணிக்காமல், சாதாரணமாக, "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்டாள்.

"சாகணும்னு இல்ல. எழுந்திரிக்காம இருந்தா தேவலைன்னு சில நாளு தோணும்."

"அது அதுக்கு மேல போச்சுன்னா ஒங்க வீட்டு அய்யாகிட்ட ஒடனே சொல்லணும், எனக்கு போன் அடிக்கணும். ராத்திரி பகல் பாக்காதீங்க." வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரையும் என் சம்மதம் கேட்டு உள்ளே அழைத்து, அவரிடமும் அதையே சொன்னாள்.

ரத்தத்தில் கொஞ்சம் சோகை இருந்தது, அதற்கு மாத்திரை. மற்றதற்கு ஒரு பேர் இருக்கிறது என்றாள். லேசான மனச்சோர்வு. என் வயதில் மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் நிறையப் பேருக்கு வருமாம். காரணம் இருந்தாலும் வரும், இல்லாமலும் வரும். இப்போதைக்கு அதற்கு மாத்திரை வேண்டாம், சரியாகவில்லை என்றால் மனநல டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றாள்.

என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "சும்மா சோம்பேறியாப் போயிட்டனோன்னு நெனச்சேம்மா."

"சோம்பேறிக்கு சும்மா கெடக்குறது புடிக்கும். ஒங்களுக்குப் புடிச்சுதா?"

அந்த ஒரு கேள்விக்கே அவளுக்கு ஒரு கூடை வஞ்சிரம் கொடுக்கலாம்.

அவள் சொன்ன வைத்தியம் கேட்பதற்கு வைத்தியம் மாதிரியே இல்லை. தினமும் வெயில் ஏறுவதற்கு முன் நடக்க வேண்டும். பகலில் படுக்கக் கூடாது. தனியாகச் சாப்பிடக் கூடாது. முன்னால் பிடித்த ஏதாவது ஒன்றை, பிடிக்காவிட்டாலும், தினம் கொஞ்ச நேரம் செய்ய வேண்டும். வாரம் ஒரு தடவை வந்து அவளிடம் பேச வேண்டும். "ஆசை வந்தப்புறம் செய்யலாம்னு ஒக்காந்திருக்காதீங்க. செய்ங்க, ஆசை பின்னால வரும்," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் முணுமுணுத்தேன். ஆசை இல்லாமல் எப்படிச் செய்வதாம்? என் வீட்டுக்காரர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார்.

"பைபர் படகு எஞ்சின் மாதிரிதான். கயித்த இழுத்ததும் புடிக்குதா? வெறும் கையி வலிக்க வலிக்க இழுக்குறோம். அப்புறந்தானே புடிக்குது?"

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ஏலம் கிடையாது. பஞ்சாயத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: தடை முடிகிற வரைக்கும் பவுனம்மாள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கட்டும். முதல் மீன் இறங்குகிற அன்றைக்கும் முடியவில்லை என்றால் பாலகுரு ஏலம் கூறட்டும். பாலகுரு என் பெரியப்பா பேரன், திருவிழாவில் மைக் பிடிக்கிறவன். நல்ல பையன்தான். ஆனால் அந்த இடம் என்னுடையது. என்னிடம் இருந்து அதையும் எடுத்துவிட்டால் நான் எதற்காக எழுந்திருப்பது?

தடைக்காலத்தில் ஊரே பகலில் தூங்கும். அதில் எனக்கு மட்டும் தூங்கக் கூடாது என்று உத்தரவு. அல்லி தினமும் விடியும்போதே வாசலில் வந்து நின்றுவிடுவாள். திருமலைராயன் ஆற்று முகத்துவாரம் வரைக்கும் நடப்போம். நடப்போம் என்ன, அவள் இழுப்பாள், நான் போவேன். அவள் நெரவிக் கதையெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். முதலில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. முன்னால் பிடித்தது என்று எதைச் செய்வது என்று தெரியாமல், வெகுநாளாகத் தொடாத கோலப்பொடியை எடுத்தேன். நெளிகோடு நெளிகோடாக வந்தது. மறுநாளும் போட்டேன்.

மனசு ஒரேயடியாக ஏறிவிடவில்லை. வைகாசியில் ஒரு வாரம் முழுக்கக் கவிழ்ந்து படுத்துவிட்டேன். நடக்கவில்லை, கோலம் இல்லை, அல்லியை வாசலோடு திருப்பி அனுப்பினேன். போட்ட உழைப்பெல்லாம் தண்ணீரில் போனது என்று கீர்த்திகாவிடம் போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எறங்குற நாளும் வரும்மா. போன தடவை எறங்குனப்ப ஒங்களுக்கே தெரியல, மாசக்கணக்காச்சு. இந்தத் தடவை ஒரு வாரத்துல நீங்களே வந்து சொல்றீங்க," என்றாள். "எறங்கப் போவுதுன்னு ஒங்களுக்கு மொதல்ல எதுல தெரியுது?"

யோசித்தேன். "அல்லி மேல கோவம் வராது," என்றேன். இந்தத் தடவை அவள் சிரித்துவிட்டாள். அதையே அல்லியிடமும் சொல்லிவைக்கச் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. நானும் அவரும் அல்லியும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாயில் நான், "உப்பு பத்தல," என்றேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்கு ஓடி, உப்பு ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். எனக்கு மாங்காயின் புளிப்பு நாக்கில் சுரீர் என்றது. எவ்வளவு நாளாயிற்று! இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஆனியில் தடை நீங்கியது. படகுகள் போய், முதல் மீனோடு திரும்பி வந்த காலை. துறைமுகம் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாலகுரு கையில் அந்தச் சிவப்பு வாய் ஒலிபெருக்கி தயாராக இருந்தது. திருஞானசம்பந்தம் என்னிடம் வந்தார்.

"அக்கா, தொண்டை எப்புடி இருக்கு? முடியலன்னா தம்பி கூறட்டும். நீங்க பக்கத்துல ஒக்காந்துக்குங்க."

தொண்டை தேவலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் மறுபடி ஒருநாள் இறங்கினால், மறுபடியும் பனங்கற்கண்டா? இன்னும் பெரிய ஒலிபெருக்கியா? எனக்குச் சீ என்றிருந்தது.

"எனக்குத் தொண்டையில ஒண்ணுமே இல்ல தம்பி. எப்பவும் இல்ல. மனசு சரியில்லாம இருந்துச்சு. மனச்சோர்வுன்னு பேரு. ஆஸ்பத்திரியில எட்டாம் நம்பர் ரூம்ல வைத்தியம் பாத்துக்கிட்டு வர்றேன். இப்ப தேவலை. ஏலத்த ஆரம்பிக்கட்டுமா, மீன் நாறட்டுமா?"

யாரோ பின்னால் இருந்து, "அப்ப இந்த மைக்க என்னா பண்றது?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். திருஞானசம்பந்தம் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கூறுங்கக்கா," என்று ஒதுங்கினார்.

சங்கரா கொட்டினார்கள். விலையைச் சொல்லி, "ஒரு தரம்" என்றேன். சத்தம் அரைகுறையாகத்தான் வந்தது. கூட்டம் சந்தேகமாகப் பார்த்தது. பாலகுரு ஒலிபெருக்கியை என் பக்கம் நீட்டலாமா என்று தயங்கினான்.

அப்போது அல்லி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். நான் சொன்னதில் பாதிகூட இல்லை, கால்வாசி விலை கேட்டாள். ஊரே காத்திருந்து வந்த முதல் நாள் சங்கராவுக்குக் கால்வாசி!

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடிவயிற்றில் இருந்து ஏறியது.

"ஏண்டி, சங்கரா என்னா ஒங்கப்பன் வீட்டுக் கொல்லையில காய்க்குதா? இதச் சொல்ல ஒனக்கு வாய் எப்புடிடி வந்துச்சு? இந்த வெலைக்கு வேணும்னா ஒங்கண்ணனத் தூக்கிட்டுப் போ! சும்மாவே தர்றேன், மேல ஒரு கூடையும் தர்றேன்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஐஸ் உடைக்கிறவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். என் வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அல்லி கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக, "இவனத் தூக்கிட்டுப் போயி நான் நெரவியில யாரு தலையில கட்டுறது?" என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் மூன்று பேர் விலையை ஏற்றிவிட்டார்கள். நான் விடவில்லை. ஒதுங்கி நின்ற ஒருத்தியை இழுத்தேன், ஒரு கஞ்சனைக் கிழித்தேன். மூன்றாம் தரம் சொன்னபோது துறைமுகத்தின் அந்தக் கோடிக்குக் கேட்டிருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டாயா என்று அல்லியிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வாளா அவள்?

ஏலம் முடிந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். திருஞானசம்பந்தம் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தார். கால் எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவர் கழுவிக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"அக்கா, அந்த எட்டாம் நம்பர் ரூமு... ஆம்பளைங்களும் போவலாமா?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கண்தான். தை மாதம் முழுக்க என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது.

காலையெல்லாம் துறைமுகம் அதிரக் கத்திய குரலை, அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி இறக்கிக்கொண்டேன்.

"போவலாம் தம்பி. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, உள்ள பேசுறது வெளிய வராது. நாளைக்கு எனக்கும் அங்க போற நாளுதான். ஏலத்த முடிச்சிட்டு ரெண்டு பேருமா போவோம்."

அவர் குழாயை மூடினார். "சரிக்கா," என்றார்.